உங்க பக்கம் வந்தாத்தான் கேக்குது

"சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி. வீட்டுக்காரரைக் கேக்காம மாத்திரையைக் கூட்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று மன்னார்குடியிலிருந்து தையல்நாயகி அண்ணி பேசி வைத்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஃபோன் சூடு ஆறி நெஞ்சின் மேலேயே கிடந்தது. கலியமூர்த்தி கட்டிலில் தன் பக்கத்துச் சுவரை ஒட்டி மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே இரண்டில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. என்ன பெரிய வார்த்தை. கூட்டச் சொல்லுங்க அண்ணி, அவ்வளவுதானே. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாள் அதோடு நிறுத்தியிருந்தால் இவரும் சொல்லி முடித்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை ஒரு பாட்டம் போட்டு எழுந்திருப்பார். "இங்க வந்ததுலேர்ந்து சுகந்திக்கு அந்தச் சத்தமே இல்லையாம் தம்பி. மாத்திரை நல்லா வேலை செய்யிதுபோல. ஆனா வீட்டுக்குப் போகலாமாடின்னு கேட்டா மட்டும் அழுவுறா. அங்க போனா மறுபடியும் கேக்கும்ங்கிறா. அதுக்குத்தான் கூட்டணுமாம்" என்றாள். சரி, கூட்டட்டும். "பகலெல்லாம் தூங்குறா. சோத்தைப் பிசைஞ்சா கை நடுங்குது, நான்தான் ஊட்டி விடுறேன். காதுல மாட்டுற மெஷினைக்கூட அங்கயே போட்டுட்டு வந்துட்டா, கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு" என்றாள். அங்கேதான் ஏதோ ஒன்று, போகிற போக்கில் சட்டை ஆணியில் மாட்டுகிற மாதிரி, மாட்டிக்கொண்டது. எது என்று தெரியவில்லை. கை நடுங்குவதா? ஊட்டி விடுவதா? முப்பது வருஷம் இந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்ட பெண்டாட்டி கை, அதற்கு இப்போது இன்னொருத்தி ஊட்டுகிறாள். ஆனால் மாட்டினது அது இல்லை, வேறு. "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்று வைத்துவிட்டார். இப்போது எதை யோசிப்பது என்றே தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்திக்கு யோசிப்பதுதான் தொழில், அதுவும் சத்தத்தைப் பற்றி. காதில் கேட்கிற சத்தம் இல்லை. மின்சாரத்தில் ஓடுகிற எந்தப் பெட்டியும் தன் வேலையைச் செய்துகொண்டே, யாரும் கேட்காமல், கொஞ்சம் இரைச்சலையும் காற்றில் கக்கும். அது பக்கத்துப் பெட்டியின் வேலையைக் கெடுக்கும். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது இவர் உத்தியோகம். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். கம்பெனிக்காரர்கள் தங்கள் பெட்டியைக் குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வருவார்கள். தேறவில்லை சார், உள்ளே போர்டையே மாற்றிவிட்டோம், அப்போதும் தேறவில்லை என்று அழுவார்கள். மனுஷன் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "பெட்டியை ஏன்யா திட்டுறே, ஒயரைப் பாரு" என்பார். நேராகப் போய்க் கேபிளைக் கையால் பிடிப்பார். திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு பொத்தென்று இறங்கும். கையை எடுத்தால் மறுபடி துள்ளும். அவ்வளவுதான், திருடன் அகப்பட்டான். அப்புறம் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், கேபிளுக்குச் சட்டை போட்டது போல இருக்கிற கம்பி வலையைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்காமல், முறுக்கி ஒரு வால் மாதிரி விட்டு வைத்திருப்பான் எவனாவது. "வால் இருந்தா ஆடத்தான்யா செய்யும்." கூடத்தில் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார், புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே ஓதுவார்: "கரண்ட்டு போற கம்பியும் திரும்பி வர்ற கம்பியும் கை கோத்துக்கிட்டே போகணும். ரெண்டும் பிரிஞ்சுது, நடுவுல இருக்கிற இடம் பூரா வாயாயிடும். ஊருக்கெல்லாம் கேக்கப் பேசும்." ஓர் ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பு காட்டுகிற மெஷின் ஒருத்தருக்குக் கோணல் மாணலாகக் கோடு போட, எல்லோரும் அவர் நெஞ்சில்தான் கோளாறு என்று பதற, இவர் போய்க் கட்டிலுக்கு அடியில் ஓடிய விளக்கு ஒயரை நகர்த்தி வைத்தாராம், கோடு நேராகிவிட்டதாம். "ஆளு நல்லாத்தான் இருக்காரு டாக்டர், ஒயருதான் சீக்காளி" என்றாராம். இந்தக் கதையை எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் சுகந்தி பக்கத்தில் இருந்து, முதல் தடவை கேட்பது போல முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். காது மந்தமான பிறகும் சிரித்தாள். கேட்டா சிரித்தாள்? எங்கே சிரிக்க வேண்டும் என்று மனப்பாடமாகி இருக்கும்.

சுகந்திக்கு அந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது? டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்டார். கலியமூர்த்திதான் பதில் சொன்னார். அங்கே எல்லாவற்றுக்கும் இவர்தான் பதில் சொன்னார். பொண்ணு கல்யாணமாகிப் பூனாவுக்குப் போனதுலேர்ந்து சார். உண்மைதான். இந்துஜாவை ரயிலேற்றிவிட்டு வந்த வாரமோ அடுத்த வாரமோ, "என்னங்க, இந்த ரூம்ல ஏதோ வண்டு மாதிரி ர்ர்ருன்னு கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். கேட்கவில்லை. அப்புறம் தினமும் அதே பாட்டு. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார், ஒரே பெண், வீடு வெறிச்சோடிப் போயிருக்கிறது, மனசு எதையாவது கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும் என்றார். எவ்வளவு அழகாகப் பொருந்தியது. பொருந்துகிற பதில் வந்தால் மேலே தேடாதே என்று எந்த ஜூனியரிடமாவது இவர் சொல்லியிருப்பாரா? அப்படித் தேடாமல் நிறுத்தியவனைத் தொலைத்திருப்பார். இங்கே மட்டும் தேடவில்லை, மேற்கொண்டு எடுத்தும் கொடுத்தார். "ஃபேனை அஞ்சுல வைக்கிறா சார். வச்சிட்டு, குளுருதுன்னு போர்வையைத் தலையோட போத்திக்கிறா. நான் குறைச்சு வச்சா எந்திரிச்சுப் போயிடுறா." டாக்டர் எழுதினார். "கரண்ட்டு போனா சந்தோஷமாயிடுறா சார். ஆளுக்கு வேர்த்து ஊத்துது, இவ சிரிச்சுக்கிட்டு உக்காந்து பேசிக்கிட்டிருக்கா." எழுதினார். "கட்டில விட்டுட்டுச் சமையக்கட்டுல பாயைப் போட்டுப் படுக்குறா." அதையும் எழுதினார். சுகந்தி நடுவில் உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, நிஜமாகவே வீட்டில் ஏதாவது சத்தம் இருக்க வாய்ப்பு உண்டா சார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். கேட்டார், இல்லையென்று சொல்ல முடியாது. "சார், இருபத்தெட்டு வருஷமா எனக்கு இதான் வேலை. வீட்டுல ஒரு சத்தமும் கிடையாது" என்று சொல்லிச் சிரித்ததும் இவர்தான். அதற்கப்புறம் அந்த டாக்டர் என்ன செய்வார், பாவம். மாத்திரை எழுதினார், கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

ஃபேன் சுற்றியது. கொடியில் அவளுடைய பழைய புடவை ஒன்று லேசாக ஆடியது. அதை மடித்து வைக்க வேண்டும் என்று மூன்று வாரமாக நினைக்கிறார். இதற்கெல்லாம் அடியில் ஒரு முள் இருந்தது, அதை டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். படுக்கப் போகும்போது அவள் காதிலிருந்து மெஷினைக் கழற்ற மாட்டாள். "தூங்கப் போறப்ப எதுக்குடி அது, பக்கத்து வீட்டுச் சண்டையக் கேக்கவா?" என்று இவர் கிண்டல் செய்தால், "நீங்க பேசுறது இப்பத்தானே. கழட்டிட்டா எப்பிடிக் கேக்குறது?" என்பாள். பகலில் இவர் வீட்டில் இருந்தால்தானே. படுத்த பிறகு ஒரு பத்து வார்த்தை பேசுவார், லேப்பில் எவன் எதில் கோட்டை விட்டான் என்று. அந்தப் பத்து வார்த்தைக்காக அவள் அதைக் காதிலேயே வைத்திருப்பாள். அப்படி இருந்தவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போனாள். திரும்பினால் கீழே விழுந்துவிடுவாள், அப்படி ஓரம். "என்னடி, நான் என்ன முள்ளா?" என்று இழுத்துக் கேட்டதற்கு, "கோவிச்சுக்காதீங்க, உங்க பக்கம் வந்தாத்தான் அது கேக்குது. தள்ளிப் படுத்தா குறையுது" என்றாள். அவள் எப்போதும் போல, பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். இவருக்கு ஆணி அடித்த மாதிரி இறங்கியது. உங்க பக்கம் வந்தாத்தான். ஐம்பத்தைந்து வயசில் பெண்டாட்டி வாயால் இதைக் கேட்கவேண்டும் என்று தலையெழுத்தா? அன்றைக்குத் திரும்பிப் படுத்தவர்தான். அதற்கப்புறம் அந்தப் பத்து வார்த்தையும் நின்றது. அவள் கொஞ்ச நேரம் காதில் மெஷினோடு காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பாயை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். போகட்டும் என்று விட்டார். போனவளை ஒரு தடவை போய்க் கூப்பிட்டிருந்தால் என்ன, கிரீடம் கழன்று விழுந்துவிடுமா? கூப்பிடவில்லை.

அவளுக்காக ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆமாம், இதை அழுத்தமாகவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்பிலிருந்து அனலைசரையே தூக்கிக்கொண்டு வந்தாரே. திரையில் இரைச்சலைக் கோடாகக் காட்டுகிற மெஷின், நாலு இட்லிப் பானை கனம். சுகந்திக்கு அன்றைக்கு என்ன சந்தோஷம். கட்டில் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து மெஷினுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள், டீ போட்டுக் கொண்டுவந்தாள், டாக்டர் வந்து நாடி பிடிக்கப்போகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவர் முறைப்படி ஆரம்பித்தார். முறை என்றால் முதலில் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வது. தேவையில்லாத விளக்கு, ஃபேன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் அதுகளின் இரைச்சலும் சேர்ந்துகொண்டு குழப்பும். எந்தச் சோதனைக்கூடத்திலும் அதுதான் வழக்கம், கை தானாகச் செய்யும். ஃபேனை அணைத்தார். டியூப்லைட்டை அணைத்தார். பிறகு வேர்க்க வேர்க்க, வளையம் வைத்த சின்னக் கம்பியை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜின் ஒயரைத் தடவினார், டிவியை, இன்வெர்ட்டரை, ஃபோன் சார்ஜரை, நெட் பெட்டியைத் தடவினார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் சுகந்தி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்பக் கேக்கலைங்க" என்றாள். முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள், சரி செய்துவிட்டார் என்றே நினைத்துவிட்டாள். இவர் என்ன சொன்னார்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தியா? நான் மெஷினோட வந்து நின்னதும் கேக்கல! அப்ப அது எங்க இருக்கு? இங்க இருக்கு" என்று அவள் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். செல்லமாகத்தான். செல்லமாகவா? ஜெயித்த திமிர் அது, வேறென்ன. அவள் முகம் அணைந்தது இப்போது நன்றாகத் தெரிகிறது, அன்றைக்கு அனலைசரின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றாள். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். வேர்வை தாங்காமல் இவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தார். அவள் அதற்குப் பிறகு ரொம்ப நாள் சத்தத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, குணமாகிவிட்டது என்றே இவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

மெஷினைக்கூட அங்கயே போட்டுட்டு வந்துட்டா. ஆ! இதுதான், மாட்டினது இதுதான். கலியமூர்த்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அங்கே சத்தம் இல்லை. அங்கே மாத்திரை இருக்கிறது. ஆனால் அங்கே மெஷினும் இல்லையே. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று கேட்டால் எந்த மடையனாவது பதில் சொல்வானா? ஒரு ஒயரைப் பிடுங்கு, பார். திரும்பச் சொருகு, பார். அப்புறம் அடுத்ததைத் தொடு. இதைக் கத்தாத நாள் உண்டா? தலைக்குள்ளே கேட்கிற சத்தத்துக்கு மெஷின் எதற்கு? மெஷின் இல்லாவிட்டாலும் கேட்கவேண்டுமே. இல்லை இல்லை, மாத்திரையாகவும் இருக்கலாம், இடம் மாறினதாகவும் இருக்கலாம், அவசரப்படாதே. மனசு ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளப் பார்த்தது, அங்கே அதற்கு வசதியாக இருந்தது. ஆனால் கால் தரையில் இறங்கிவிட்டது. அலமாரியைத் திறந்தார். அவளுடைய விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு, அதற்குள் பஞ்சு வைத்து அது. பேட்டரி தீராமல் இருக்க அதன் சின்னக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள், விட்டுவிட்டுப் போகிற பொருளைக்கூட ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பேட்டரிக் கதவை மூடினார். காதுக்குள் வைக்கிற பிளாஸ்டிக்கில் அவளுடைய காதின் அச்சு அப்படியே இருந்தது. இவர் காதில் போகவில்லை. எப்படிப் போகும்? விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டிங் என்று ஒரு மணி, பிறகு இரண்டு பீப். எதிர்வீட்டுக் குக்கர் விசில் மண்டைக்குள் அடித்தது. தன் மூச்சே புயலாகக் கேட்டது. ஓ, இப்படியா கேட்கும் இவளுக்கு என்று முதல் தடவையாக நினைத்தார். கட்டிலுக்கு வந்தார். வரும்போதே தொடங்கிவிட்டது. ர்ர்ர். வண்டுதான். ஒரு வண்டு இல்லை, தகர டப்பாவுக்குள் போட்டு மூடின ஒரு கூட்டம். ர்ர்ர்ர்ர். இவருடைய தலையணைப் பக்கம், சுவர்ப் பக்கம் குனிந்தார். பல் கூசியது. கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார், குறைந்தது. திரும்ப இந்தப் பக்கம் வந்தார், ஏறியது. உங்க பக்கம் வந்தாத்தான் கேக்குது. தள்ளிப் படுத்தா குறையுது. அவள் சொன்னது அத்தனையும் அளவு. சொல்லுக்குச் சொல் அளவு. லேப்பில் எவனாவது இப்படித் துல்லியமாகச் சொல்லியிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். இவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குமேல் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, மனசுதான் பின்னால் இழுத்தது. மெஷினைக் காதிலிருந்து எடுக்காமல் மெல்லச் சாய்த்தார், ஒரு கோணத்தில் வண்டு செத்தது. நிமிர்த்தினார், உயிர் வந்தது. காற்றில் வருகிற சத்தம் என்றால் சாய்த்தால் சாகுமா? உள்ளே கம்பிச்சுருள் இருக்கிறது. ஆமாம், இரண்டு பீப். அந்தக் கடைக்காரப் பெண், இந்துஜா பூனா போன புதிதில், "ஃபோன்ல பேசுறது நல்லாக் கேக்கணும்னா ரெண்டு பீப்ல வச்சுக்கங்க ஆன்ட்டி" என்று மாற்றிக் கொடுத்தாள். மகள் குரலுக்காக வைத்தது. பொத்தான் பொடிசு, விரலுக்கு அகப்படாது, அதனால் அப்படியே விட்டுவிட்டாள். பொண்ணு போனதுலேர்ந்து சார். சுற்றியிருக்கிற ஒயரின் காந்தத்தை இழுத்துக் காதில் ஊதுகிற சுருள் அது. ஊரான் பெட்டியையெல்லாம் பிரித்து மேய்ந்தவர், பெண்டாட்டி காதில் இருப்பதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. சரி, எந்த ஒயர்? தெரியும். கேட்பானேன். ஃபேனை அணைத்தார். இறக்கை நிற்பதற்கு முன்னால் வண்டு நின்றது. இப்பக் கேக்கலைங்க. ஃபேனைப் போட்டார், இரண்டில் வைத்தார், வண்டு வந்தது. கரண்ட் போனால் சிரித்தாளே, சிரிக்காமல்? சமையற்கட்டில் ஃபேனே கிடையாது. அவருடைய கை தலைமாட்டுச் சுவரில் இருந்த ரெகுலேட்டரைத் தொட்டது. இவரே வைத்தது. அவளுக்கு முட்டிவலி வந்து, ராத்திரி எழுந்து வாசற்படி ஸ்விட்ச் போர்டு வரை நடக்க முடியாமல் இருந்த சமயம், ஒரு பொங்கல் லீவில், எலக்ட்ரீஷியன் வேண்டாமென்று தானே துளை போட்டு வைத்தது. "நீ எந்திரிக்கவே வேணாம்டி, சொல்லு, நான் படுத்தபடியே குறைக்கிறேன்" என்றார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இவர் கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது என்று முந்தானையை ஊதி ஒற்றி எடுத்தாள். போகிற கம்பியை வாசற்படிப் போர்டிலிருந்து கீழே இறக்கி, அறையைச் சுற்றிச் சுவரோரமாகவே தன் பக்கம் கொண்டுவந்து, ரெகுலேட்டருக்குள் விட்டு, மேலே ஏற்றினார். திரும்புகிற கம்பி? அதற்கு இன்னொரு சுற்றா என்று சோம்பல்பட்டு, எதிர்ச்சுவரில் ஏற்கனவே இருந்த விளக்குப் பாயிண்டிலிருந்து எடுத்துக்கொண்டார். போனது ஒரு சுவர், வந்தது ஒரு சுவர். நடுவில் கட்டில். ரெகுலேட்டரும் வேகத்தைக் குறைக்கக் கரண்ட்டைச் சீராக விடாமல் நறுக்கி நறுக்கி அனுப்புகிற மலிவு ரகம். இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கு ஓதின சட்டத்தை இந்த ஓர் அறையில் கழற்றி வைத்துவிட்டு, அவளைப் பிடித்து அதன் வாய்க்குள் படுக்கப் போட்டிருக்கிறார். அது பேசியிருக்கிறது, ராத்திரியெல்லாம் பேசியிருக்கிறது. அவள் அதையும் தாங்கிக்கொண்டு இவர் பேசுவாரா என்று காதைக் கொடுத்துப் படுத்திருந்தாள். அடப்பாவி, அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னார். மெஷின் அதையும் பிடித்துப் பெரிதாக்கி அவர் காதிலேயே போட்டது. ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு அந்தப் போர்வை மட்டும் எதற்கு என்று இன்னும் பிடிபடவில்லை. யோசிக்க முடியவில்லை, கண்ணை மறைத்தது. வெளியே வெயில் இறங்கிவிட்டது, மன்னார்குடியில் அண்ணி ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ரிங் முழுசாக அடிப்பதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். "அண்ணி, மாத்திரையக் கூட்ட வேணாம். டாக்டர்கிட்ட நானே பேசுறேன், காலையில அங்க வந்துடுறேன்." "என்ன தம்பி திடீர்னு? ஒடம்பு கிடம்பு?" "எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கும் ஒண்ணுமில்ல அண்ணி. சத்தம் இருக்கு, நெசமாவே இருக்கு. நான் போட்ட ஒயருதான். நான்தான் பண்ணினேன். அவகிட்டக் குடுங்க." "குடுத்து என்ன பண்றது தம்பி? மெஷின் உங்ககிட்டல்ல இருக்கு." ஆமாம். இடது காதில் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். சொல்லவேண்டியது வந்து சேர்ந்தபோது அவள் காது இவர் கையில் இருந்தது. என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தார், அன்றைக்கு நெற்றியைத் தொட்டது, பாயோடு போனவளைக் கூப்பிடாதது, அந்தப் பத்து வார்த்தை. இதையெல்லாம் இன்னொருத்தர் வாயில் கொடுத்துக் கத்தச் சொல்வதா? "நீங்களே சொல்லுங்க அண்ணி. கொஞ்சம் கத்திச் சொல்லுங்க." ஃபோனுக்குள் நாற்காலி நகர்ந்தது. "சுகந்தி! ஏ சுகந்தி! எந்திரி! ஒன் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் கேக்குதாம்டி! அவர்தான் ஒயரைத் தப்பாப் போட்டாராம்!" ஒன்றும் இல்லை. திரும்பவும் கத்தினாள். பிறகு மாத்திரையில் ஊறின ஒரு குரல், நாக்குப் புரளாத குரல், எதையோ கேட்டது. இவர் வலது காதில் ஃபோனை அழுத்தினார், பிடிபடவில்லை. "என்ன சொல்றா அண்ணி? அழுவுறாளா?" "இல்ல தம்பி. அவருக்கு இப்பவும் கேக்குதான்னு கேக்குறா." "கேக்குதுன்னு சொல்லுங்க. இப்பவும் கேக்குது." அண்ணி கத்தினாள். அந்தக் குரல் மறுபடி எதையோ சொன்னது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக, நின்று நின்று. அண்ணி ஃபோனுக்குத் திரும்பினாள். "ஃபேனை அஞ்சுல வைக்கச் சொல்றா தம்பி. அஞ்சுல வச்சா உங்களுக்குக் கொஞ்சம் குறையுமாம்."

கலியமூர்த்தி கையை நீட்டி ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினார். குறைந்தது.